வலை கட்டவும் வரிசை உண்டு!
எண்ணூர்க் கழிமுகத்தின் "பாடு" முறையும், முறை கேளாமல் வந்தவர்களும்

அமாவாசை நெருங்குகிறது. எண்ணூர் முகத்துவாரத்தில் நீர் வடியத் தொடங்குகிறது. கழியில் நின்ற தண்ணீர் கடலை நோக்கி ஓடுகிறது. தண்ணீரோடு இறாலும் ஓடுகிறது.

இந்த இறாலைப் பிடிக்க நல்ல இடங்கள் சிலதான் உண்டு. பிடிக்க விரும்பும் வலைகளோ பல.

யார் முதலில் வலை கட்டுவது? வலுத்தவரா? விடியுமுன் முந்தி வந்தவரா? பெரிய படகு வைத்திருப்பவரா?

மூவரும் இல்லை. யாருடைய முறையோ, அவர்!

இந்த முறைக்கு மீனவர் வைத்த பெயர் "பாடு." இன்றைக்கு யார் பாடு, நாளைக்கு யார் பாடு என்பது ஊருக்குத் தெரியும். போலீஸ் வந்து சொல்ல வேண்டியதில்லை. பலகை எழுதி மாட்ட வேண்டியதில்லை. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம் போன்ற கழிக்கரை ஊர்களும், வடக்கே பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்களும் இந்த முறையில் வளர்ந்தவை.

பாடு என்றால் தமிழில் துன்பம் என்றும் ஒரு பொருள் உண்டு. எண்ணூரில் இப்போது அந்தப் பொருள்தான் மேலோங்கி நிற்கிறது. ஏன் என்று பார்ப்பதற்கு முன்னால், வரிசை எதற்காக ஏற்பட்டது என்று பார்க்க வேண்டும்.

இறாலின் பயணம்

இறால் கடலில் முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வந்த குஞ்சு, கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. அலையோடு கரைக்கு வருகிறது. கடல் நீர் ஏறும்போது முகத்துவாரம் வழியாகக் கழிக்குள் நுழைகிறது. அங்கே தண்ணீர் ஆழமில்லை, அலை இல்லை, சேற்றில் தீனி உண்டு. சில மாதம் அங்கே தின்று வளர்கிறது. வளர்ந்த பிறகு, நீர் வடியும் நேரம் பார்த்துக் கடலுக்குத் திரும்புகிறது.

திரும்பும் வழி குறுகியது. கழி பரந்து கிடந்தாலும், கடலுக்கு வாசல் ஒன்றுதான். வாசலுக்குப் போகும் ஓடைகளும் சிலவே. அந்த ஓடைகளில் கழி நட்டு வலை கட்டினால் இறால் தானாக வந்து விழும். அரை மைல் தள்ளிக் கட்டினால் வெறும் தண்ணீர்தான் வலைக்குள் ஓடும்.

ஆகவே இங்கே மீனவருக்குச் சொத்து வலையும் அல்ல, படகும் அல்ல. இடம்தான் சொத்து. அந்த இடத்தை எந்த மனிதனும் பட்டா போட்டு வாங்க முடியாது. ஒருவர் நிரந்தரமாகப் பிடித்துக் கொண்டால் மற்றவர் வீட்டில் உலை ஏறாது. எல்லோரும் ஒரே இரவில் வலையைக் கொண்டுவந்தால் வலையோடு வலை சிக்கும். முன் வலை எல்லாவற்றையும் வாரிக்கொள்ளும். பின் வலை காயும். விடிந்தால் மண்டை உடையும்.

இதற்கு மீனவர் கண்ட வழி எளியது. இடத்தை யாருக்கும் கொடுப்பதில்லை. நாளை மட்டும் கொடுப்பது!

தலைக்கட்டும் சீட்டும்

பழவேற்காட்டில் கோட்டைக்குப்பம் போன்ற ஊர்களில் நடந்து வந்த முறை இது. ஊரில் வரி கொடுக்கும் ஒவ்வோர் ஆணும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுகளின் பெயர் ஊரின் கணக்கில் இருக்கும். வலைக் குழுக்கள் எத்தனை, இடங்கள் எத்தனை என்று எண்ணுவார்கள். சீட்டுக் குலுக்குவார்கள். எந்தக் குழுவுக்கு எந்த இடம், எந்த நாள் என்பது சீட்டில் விழும். இன்று நல்ல இடத்தில் கட்டியவர் நாளை அடுத்த இடத்துக்கு நகர்வார். அவர் விட்ட இடத்துக்கு இன்னொருவர் வருவார். ஒரு சுற்று முடிந்ததும் மறு சுற்று.

சீட்டில் மோசமான இடம் விழுந்தவர் சண்டை போடுவதில்லை. நல்ல இடம் தனக்கும் வரும் என்று அவருக்குத் தெரியும். தேதிகூடத் தெரியும்!

முறை தவறி வலை கட்டினால் ஊர்ப் பஞ்சாயத்து கூடும். தண்டம் போடும். தண்டம் கட்டாதவரை வலை இறக்க விடமாட்டார்கள். பக்கத்து வலைக்காரர்தான் காவல்காரர். தன் முறையை மற்றவர் தின்றுவிடக் கூடாது என்று அவரே விழித்திருப்பார். இதற்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வேண்டுமா, என்ன?

இந்த ஏற்பாடு தமிழ்க் கரையோடு நின்றுவிடவில்லை. கொச்சிக் கழிமுகத்திலும் இதற்குப் பெயர் பாடுதான். 1970களின் பிற்பகுதியில் இறால் வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகி விலை ஏறியது. விலை ஏறியதும் கூட்டம் ஏறியது. அங்குள்ள மீனவர் சங்கங்கள் சீட்டுப் போட்டு இடத்தைப் பங்கிட்டுக் கொண்டன.

இலங்கையில் நீர்கொழும்புக் களப்பில் நான்கு மீனவர் சங்கங்கள் இதேபோல் சீட்டுப் போட்டு, முறை வைத்துக் கழிவலை கட்டுகின்றன. அந்த ஊர் மீனவரில் பலர் வீட்டில் தமிழ் பேசியவர்கள். அங்கே ஒரு விசேஷம் உண்டு. 1958ஆம் ஆண்டிலேயே இலங்கை அரசு அந்த முறையைச் சட்ட விதியாக எழுதிவிட்டது. ஊர் வழக்கம் அரசாங்க ஏட்டில் ஏறிவிட்டது. இது முக்கியமான செய்தி. பின்னால் தேவைப்படும்.

துருக்கி நாட்டில் அலன்யா என்ற கடற்கரைப் பட்டணம். அங்கும் ஒரு காலத்தில் நல்ல இடத்துக்காக ஓயாத சண்டை. கடைசியில் மீனவர்களே கூடி, வலை போடும் இடங்களுக்கெல்லாம் பெயர் வைத்துப் பட்டியல் எழுதினார்கள். ஒவ்வொரு செப்டம்பர் மாதமும் சீட்டு. செப்டம்பர் முதல் ஜனவரி வரை ஒவ்வொருவரும் தினம் ஓர் இடம் கிழக்கே நகர வேண்டும். ஜனவரி முதல் மே வரை தினம் ஓர் இடம் மேற்கே. மீன் கூட்டம் ஒரு பருவத்தில் ஒரு திசையிலும், மறு பருவத்தில் எதிர்த் திசையிலும் போவதால் இந்த ஏற்பாடு. பள்ளிக்கூடத்தில் பையன்களை பெஞ்சு மாற்றி உட்கார வைப்பது போன்ற காரியம்தான். சண்டை அடங்கிவிட்டது.

அலன்யாவின் கதையை உலகம் அறியச் செய்தவர்களில் ஒருவர் எலினார் ஆஸ்ட்ராம் என்ற அமெரிக்கப் பேராசிரியை. "பொதுச் சொத்தை ஆளுக்கு ஆள் சுரண்டி அழித்தே தீருவார்கள்" என்ற கருத்து அப்போது படித்தவர்களிடையே பரவியிருந்தது. கேரட் ஹார்டின் என்ற உயிரியல் அறிஞர் 1968ல் எழுதிய கட்டுரை அதற்கு ஒரு காரணம். ஒன்று, அரசாங்கம் எடுத்துக்கொள்ள வேண்டும். அல்லது தனியாருக்கு விற்றுவிட வேண்டும். வேறு வழி இல்லை என்றார்கள். ஆஸ்ட்ராம் அதை ஏற்கவில்லை. மீன் பிடிக்கும் ஊர்கள், பாசனக் கால்வாய்கள், மேய்ச்சல் மலைகள் என்று பலவற்றை ஆராய்ந்தார். சனங்களே விதி வகுத்து நடத்திய ஏற்பாடுகள் பல நூறு ஆண்டு நின்றதைக் காட்டினார். 2009ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அந்தப் பரிசை வாங்கிய முதல் பெண் அவர்தான்.

குப்பத்துக் கிழவருக்குத் தெரிந்த சங்கதிக்கு நோபல் பரிசா என்று கேட்கலாம். தெரிந்திருந்தால் மட்டும் போதாது. படித்தவர்கள் நம்பும்படி சொல்லவும் ஆள் வேண்டியிருக்கிறது!

வெளியே நின்றவர்கள்

பாடு முறை குறையே இல்லாதது என்று சொல்லிவிட முடியாது.

பட்டியலில் பெயர் உள்ளவருக்குத்தான் சீட்டு. பெயர் இல்லாதவர் கரையில் நிற்க வேண்டியதுதான். பெயர் யாருக்கு என்பதைச் சாதியும் ஊரும் முடிவு செய்தன. பெண்களுக்குத் தலைக்கட்டுக் கணக்கில் இடம் இல்லை. அவர்கள் கூடை சுமந்து விற்பவர்களாக மட்டுமே கணக்கில் வந்தார்கள். பழவேற்காட்டில் மற்றச் சாதியாரும் மீன்பிடித் தொழிலுக்கு வந்து, "எங்களுக்கும் முறை கொடுங்கள்" என்று கேட்டபோது தகராறு மூண்டது. பேச்சு வார்த்தை, போலீஸ், வழக்கு என்று அது நீண்டது.

இருளர் மக்களின் நிலை இன்னும் வேறு. அவர்களுக்கு வலை இல்லை. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். பிடித்த இறாலை ஓலைப் பறியில் போடுகிறார்கள். இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்கிறார்கள். பெண்களும் இந்த வேலையைச் செய்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது ஓடையின் வாசல் அல்ல; காலுக்கு எட்டும் மேட்டுச் சேறு.

ஆக, ஒரே தண்ணீரில் பலவிதப் பங்காளிகள். எல்லோருக்கும் நியாயம் கிடைத்தது என்று சொல்ல முடியாது. ஆனால் ஒன்று: தகராறு வந்தால் எதிரே உட்கார வைத்துப் பேச ஆள் இருந்தார். முகம் தெரிந்த ஆள். நாளைக்கும் அதே தண்ணீரில் இறங்க வேண்டிய ஆள்.

மணலியின் தண்ணீர்

மணலிக்குக் கடற்கரை கிடையாது. ஆனாலும் மணலியில் விழும் தண்ணீரெல்லாம் எண்ணூருக்குத்தான் போகிறது. கிழக்கே பக்கிங்காம் கால்வாய். வடக்கே கொசஸ்தலை ஆறு. புழல் ஏரி நிரம்பினால் உபரி நீர் மணலி, சடையங்குப்பம் வழியாக ஓடி எண்ணூர்க் கழியில் கலக்கிறது. மணலி வீட்டுக் கூரை. எண்ணூர் அதன் தாழ்வாரம்.

இந்தத் தண்ணீரை ஒட்டித்தான் தொழிற்சாலைகள் வந்தன. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969ல் வேலை தொடங்கியது. அப்போது அதன் திறன் ஆண்டுக்கு 25 லட்சம் டன். இன்று ஒரு கோடியே 5 லட்சம் டன். 1970ல் எண்ணூர் அனல் மின்சார நிலையம் வந்தது. அது 2017ல் மூடப்பட்டது. 1994ல் வட சென்னை அனல் மின்சார நிலையம் வந்தது. 2001ல் துறைமுகம். 2012 முதல் வல்லூர் அனல் மின்சார நிலையம்.

இவற்றால் நாட்டுக்கு நன்மை இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மணலி வீடுகளில் எத்தனையோ குடும்பங்களுக்கு ஆலைச் சம்பளம்தான் சோறு. சென்னை நகரின் விளக்கு இந்த மின்சாரத்தில்தான் எரிகிறது. கேள்வி வேறு. கழித் தண்ணீரில் இவையும் பங்காளிகள் ஆகிவிட்டன. ஆனால் பாட்டில் பெயர் கொடுத்தவர் யார்?

மின்சார நிலையத்தின் சுடுநீர் கழியில் விடப்படுகிறது. அது அமாவாசை பார்ப்பதில்லை. தினமும் அதன் முறைதான். நிலக்கரிச் சாம்பலைக் குழாயில் கரைத்து அனுப்புகிறார்கள். குழாய் உடைந்தபோதெல்லாம் சாம்பல் கழியில் இறங்கிப் படிந்தது. ஆள் மூழ்கும் ஆழம் இருந்த இடங்களில் சாம்பல் சேறு முழங்காலைப் பிடிக்கிறது. ஆழம் போனால் ஓடை போயிற்று. ஓடை போனால் பாட்டு இடம் போயிற்று. பத்து இடத்துக்கு வரிசை வைத்தவர்கள், மிச்சமிருக்கும் இடங்களுக்கு அதே வரிசையை வைத்தால், ஒருவருடைய முறை திரும்பி வர எத்தனை நாள் ஆகும்? இடம் குறையக் குறைய முறை தள்ளிப் போகிறது. நெரிசல் என்று வெளியார் பார்ப்பது இதைத்தான். ஆள் பெருகியதால் மட்டும் வந்த நெரிசல் அல்ல. தண்ணீர் சுருங்கியதால் வந்த நெரிசல்!

2023 டிசம்பர்

2023 டிசம்பர் மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல். சென்னையில் கொட்டிய மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். வெள்ளத்தோடு எண்ணெய் வந்தது. பக்கிங்காம் கால்வாய் வழியாகப் பாய்ந்து எண்ணூர்க் கழியை மூடியது. படகு கறுத்தது. வலை கறுத்தது. கூழைக்கடா பறவையின் இறகு ஒட்டிக்கொண்டது. மீனவர்கள் குவளையாலும் கையாலும் எண்ணெயை மொண்டு பீப்பாய்களில் ஊற்றினார்கள்.

பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கு எடுத்தது. மணலிச் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வந்த எண்ணெய்தான் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அங்கே தெரிவித்தது. தமிழ்நாடு அரசு 8 கோடியே 68 லட்ச ரூபாய் நிவாரணம் அறிவித்தது. 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய். 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய். பாதிக்கப்பட்ட மற்ற 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய்.

குடும்பக் கணக்கு உண்டு. படகுக் கணக்கு உண்டு. பாட்டுக் கணக்கு? எண்ணெய் மிதந்த நாட்களில் யாருடைய முறை வந்து போயிற்று, அது எத்தனை முறை என்ற கணக்கு அந்த அறிவிப்பில் இல்லை. எண்ணெய் அகன்ற பிறகும் மீன் வாங்க வந்தவர்கள், "எண்ணூர் மீனா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்தார்கள். அந்த நட்டத்தை எந்த ஏட்டில் எழுதுவது?

அதே காலத்தில் இன்னொரு விருந்தாளி. கருத்த ஓடு உள்ள சிறு ஆழி. மீனவர் இதைக் காக்கா ஆழி என்கிறார்கள். தென் அமெரிக்காவில் பிறந்த இனம் இது. கப்பல்கள் பாரத்துக்காக நிரப்பிவரும் தண்ணீரோடு வந்திருக்கலாம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். எண்ணூர்க் கழியிலும் பழவேற்காட்டிலும் அடித்தரையில் பாய் விரித்தாற்போல் படர்ந்துவிட்டது. இறால் புதைந்து கிடக்கச் சேறு இல்லை. மட்டி வளர இடம் இல்லை. துழாவுகிறவர் கையை ஓடு கிழிக்கிறது. இதற்கு எந்தப் பஞ்சாயத்து தண்டம் போடும்?

ஞாயிற்றுக்கிழமைத் தூண்டில்

கழியில் இன்னொரு கூட்டமும் உண்டு. மணலி, மாதவரம், திருவொற்றியூர்ப் பக்கத்திலிருந்து விடுமுறை நாளில் தூண்டிலோடு வருபவர்கள். அப்பா, பிள்ளை, மாமா என்று குடும்பமாகவும் வருகிறார்கள். ஆலையில் ஆறு நாள் உழைத்தவர் ஏழாம் நாள் ஒரு மடவையோ கெளுத்தியோ பிடித்து மகிழ்ந்தால் யாருக்கும் வயிற்றெரிச்சல் இல்லை. ஆனால் அவர் நிற்கும் இடம், இன்னொருவர் பிழைக்கும் இடம். இது நினைவில் இருந்தால் போதும்; பாதித் தகராறு வராது.

ஒருவர் தூண்டில் போட்டிருக்கும் இடத்தில் குறுக்கே போடுவது கூடாது. பக்கத்தில் நிற்பதானால், "அண்ணே, இங்கே நிற்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் குறைந்துபோவதில்லை. பெரும்பாலும், "நில்லுங்க தம்பி" என்றுதான் பதில் வரும். ஈயக் குண்டு கட்டிய நரம்பைச் சுழற்றி வீசும்போது பின்னால் குழந்தை நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கழி நட்டு வலை கட்டியிருந்தால் அது கேட்பாரற்ற குச்சி அல்ல. யாரோ பல நாள் காத்திருந்து பெற்ற முறை. அதன் பக்கம் தூண்டில் போகக் கூடாது. அறுந்த நரம்பைத் தண்ணீரில் விட்டுவிட்டுப் போவதுதான் மிகப் பெரிய கெடுதல். நைலான் மக்காது. துழாவிப் பிடிக்கும் பெண்ணின் விரலில் சுற்றும், முள்ளோடு சுற்றும். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனால் என்ன பாரம்?

இவையெல்லாம் சின்ன மரியாதைகள். சொன்னால் கேட்கிறார்கள். சொல்ல முடிகிறது என்பதுதான் காரணம். குழாய்க்குச் சொல்ல முடியவில்லையே!

ஏட்டில் ஏறுமா?

கடலில் பங்கீடு செய்ய அரசாங்கத்துக்குத் தெரியாமல் இல்லை. 1983ஆம் ஆண்டுச் சட்டம் கரையோரக் கடலை நாட்டுப் படகுகளுக்கு ஒதுக்கி, விசைப் படகுகளை அப்பால் போகச் சொன்னது. ராமேசுவரம் பக்கத்தில் விசைப் படகுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப் படகுக்கு 4 நாள் என்ற ஏற்பாடு இருக்கிறது. கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப் படகுகள் கடலுக்குப் போவதில்லை. நாளைப் பங்கிடும் வித்தை இது. பாடு முறையின் தம்பி என்றே சொல்லலாம்.

ஆனால் கழியின் பாடு மட்டும் ஊர் வழக்கமாகவே நிற்கிறது. நீர்கொழும்பில் 1958ல் நடந்தது இங்கே நடக்கவில்லை. ஏட்டில் இல்லாததால் என்ன நட்டம்? புதிய ஆலைக்கு அனுமதி கேட்கும்போது நிலத்தின் சர்வே எண் கேட்கிறார்கள், பட்டா கேட்கிறார்கள். தண்ணீருக்குப் பட்டா இல்லை. ஆகவே அங்கே யாரும் இல்லை என்று வரைபடம் சொல்லிவிடுகிறது. பாட்டு இடங்களின் பெயரும், முறை உள்ள ஊர்களின் பெயரும் அரசாங்கப் பதிவில் இருந்தால், "இங்கே ஆள் இருக்கிறார்" என்று காகிதம் பேசும். நிவாரணம் கணக்கிடும் அதிகாரியும் போன முறைகளை எண்ணிப் பார்க்கலாம். பதிவு செய்யும்போது, இத்தனை நாள் வெளியே நின்ற பெண்களையும் இருளரையும் சேர்த்து எழுதவும் அது ஒரு சந்தர்ப்பம். அதை ஊர்ப் பெரியவர்கள் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அது அவ்வளவு சுலபம் அல்ல.

இப்போதைக்கு மீனவருக்குக் கிடைக்கும் மேடை கருத்துக் கேட்புக் கூட்டம்தான். பெரிய திட்டங்களுக்கு முன் அதை நடத்த வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டு விதி. எண்ணூரில் மூடப்பட்ட அனல் மின்சார நிலையத்தின் இடத்தில் 660 மெகாவாட் நிலையம் கட்டும் திட்டத்துக்காக 2024 டிசம்பரில் எர்ணாவூரில் அப்படி ஒரு கூட்டம் நடந்தது. வந்தவர்களில் பலர் திட்டம் வேண்டாம் என்று பேசினார்கள். பேச விரும்புகிறவர் பெயர் கொடுக்க வேண்டும். கூப்பிடும் வரை காத்திருக்க வேண்டும். கழிக்கரை மக்களுக்கு அது பழகிய காரியம்.